ஊசியா, டேப்பா, பசையா? எடை குறைந்த கூடாரத் துணியின் கிழிசலும் அதற்கான விடைகளும்

கூடாரத்தின் மேல்துணியில் 2 செ.மீ. நீளத்துக்கு ஒரு கிழிசல் விழுந்திருக்கிறது. அதை எப்படி அடைப்பது? கேள்வி சின்னதுதான், விடைகள்தான் ஒன்றோடொன்று ஒத்துப்போவதில்லை. தைத்துவிடு என்பது மிகப் பழைய விடை. டேப் ஒட்டிவிட்டு நடையைத் தொடர் என்பது நெடும்பாதை நடையர்களின் விடை. பசை தடவி ஒட்டுத்துணி வைத்தால்தான் நிற்கும் என்பது பட்டறைக்காரர்களின் விடை. கை வைக்காமல் செய்தவரிடமே அனுப்பிவிடு என்பது இன்னொரு தரப்பு. ஒவ்வொரு விடைக்கும் ஆண்டுக்கணக்கில் தாங்கிய ஒட்டுகள் சாட்சியாக உண்டு. ஓர் இரவு மழையில் உரிந்துபோன ஒட்டுகளும் உண்டு.

இந்த முரண்பாட்டுக்குத் திறமைக் குறைவைக் காரணம் சொல்வது எளிது. அதைவிடப் பொருத்தமான விளக்கம் ஒன்று இருப்பதாகத் தோன்றுகிறது. ஒவ்வொரு விடையும் ஒரு குறிப்பிட்ட துணியோடு பிறந்தது. அந்தத் துணிக்கு அது சரியாகவே இருந்தது. துணி மாறிய பிறகும் விடை மட்டும் கைமாறிக் கைமாறி வந்துகொண்டிருக்கிறது. ஆகவே விடைகளை எடைபோடுமுன் துணி மாறிய வழியைப் பார்க்க வேண்டும்.

துணி மாறிய வழி

இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை கூடாரம் என்றால் பெரும்பாலும் பருத்திக் கான்வாஸ்தான். 1935-இல் டூபான்ட் ஆய்வகத்தில் வாலஸ் கரோதர்ஸின் குழு உருவாக்கிய நைலான், இரண்டாம் உலகப்போரில் பாராசூட் துணியானது. ரிப்ஸ்டாப் நெசவும் அந்தப் பாராசூட்டுகளின் வழியாகவே பரவியது. மெல்லிய இழைகளுக்கு நடுவே, சில மில்லிமீட்டருக்கு ஒருமுறை, பாவிலும் ஊடையிலும் தடித்த இழையை ஓட்டினால் துணி முழுக்கச் சிறு கட்டங்கள் விழும். கிழிசல் ஒரு கட்டத்தைத் தாண்ட வேண்டுமானால் தடித்த இழையை அறுத்தாக வேண்டும். பல நேரம் அங்கேயே நின்றுவிடும்.

எடை குறைப்பு இயக்கத்தின் முன்னோடியாக அடிக்கடி நினைவுகூரப்படுபவர் எம்மா கேட்வுட். 1955-இல், தம் 67-ஆம் வயதில், அமெரிக்காவின் அப்பலாச்சியன் பாதையைத் தனியாக நடந்து முடித்தபோது அவர் கூடாரம் எடுத்துச் செல்லவில்லை. மழைக்குக் குளியலறைத் திரை ஒன்றுதான். 1990-களில் ரே ஜார்டைன் எழுதிய கைநூல்கள் இந்த மனப்பான்மையை ஒரு முறையாகவே வகுத்தன. சுமையைக் குறை, தேவையானதை நீயே தைத்துக்கொள் என்பது அவருடைய வாதம். உணவு, நீர், எரிபொருள் நீங்கலான சுமை 10 பவுண்டுக்குள், அதாவது சுமார் 4.5 கிலோவுக்குள் இருந்தால் அதை அல்ட்ராலைட் என்று அழைப்பது பின்னர் வழக்கமாயிற்று. இன்று இருவர் படுக்கும் கூடாரமே 600 கிராமுக்குள் கிடைக்கிறது.

இந்த எடைக்குறைப்பைச் சாத்தியமாக்கியவை மூன்று துணி வகைகள். முதலாவது, பாலியூரித்தேன் பூசிய நைலானும் பாலியஸ்டரும். இரண்டாவது, இருபுறமும் சிலிக்கோன் ஊறிய நைலான்; சுருக்கமாகச் சில்நைலான். அதன் பாலியஸ்டர் உறவு சில்பாலி. மூன்றாவது, பாய்மரப் பந்தயத்திலிருந்து வந்தது. 1992-இல் அமெரிக்காஸ் கோப்பையை வென்ற 'அமெரிக்கா க்யூப்ட்' படகின் பெயரை ஒட்டி முதலில் கியூபன் ஃபைபர் எனப்பட்டது. 2015-இல் டிஎஸ்எம் நிறுவனம் அதை வாங்கிய பின் டைனீமா கூட்டுத்துணி ஆனது. இவற்றுக்கு நடுவில் ஒரு கலப்பினமும் உண்டு: வெளிப்புறம் சிலிக்கோன், உட்புறம் பாலியூரித்தேன். கடையில் நான்கையும் 'கூடாரத் துணி' என்றே விற்கிறார்கள். ஒட்டுப்போடும் கைக்கு இவை நான்கு வேறு வேறு பொருள்கள்.

துணி எவ்வளவு மெலிந்துவிட்டது என்பதை ஓர் எண் காட்டும். டெனியர் என்பது 9,000 மீட்டர் இழையின் எடை, கிராமில். 15 டெனியர் துணியில் ஓடும் இழையை 9 கி.மீ. நீளத்துக்கு நீட்டி நிறுத்தாலும் 15 கிராம்தான். அந்த இழையின் நுண்ணிழைகளை ஒரே உருண்டைக் கம்பியாகத் திரட்டினால் குறுக்களவு ஏறத்தாழ 0.04 மி.மீ. வரும். இந்த எண்ணை மனத்தில் வைத்துக்கொண்டு ஊசியிடம் வருவோம்.

முதல் தரப்பு: தையல்

தைப்பவர்களின் மரபு நீண்டது. பாய்மரத் தொழிலாளர், படைமுகாம்களின் கூடாரத் தையல்காரர், பாராசூட் பழுதுபார்ப்பவர் என எல்லோரும் ஊசியையே நம்பினார்கள். அதற்குத் தகுந்த காரணமும் இருந்தது. பருத்தி நார் ஈரத்தில் உப்பும். கான்வாஸில் ஊசி போட்ட ஓட்டை முதல் மழையில் நூலும் துணியும் வீங்கி ஏறத்தாழத் தானாகவே அடைபடும். தைப்பதும் நீரைத் தடுப்பதும் அங்கே ஒரே வேலையாக முடிந்தது.

பாராசூட்டில் நிலைமை வேறு. ஆனால் முடிவு அதேதான். அதற்கு வேண்டியது வலு. மழை ஒழுகுமா என்ற கவலை அதற்கு இல்லை. அமெரிக்காவில் பாராசூட் பழுதுபார்ப்பவர்களுக்கு விமானப் போக்குவரத்து நிர்வாகமே இரு நிலைகளில் சான்றிதழ் தருகிறது. பெரிய பழுதுகளை மேல்நிலைச் சான்று பெற்றவர்தான் செய்யலாம். அந்தத் துறையின் ஒழுங்கும் கண்டிப்பும் தையலுக்கு ஒரு மதிப்பைத் தேடித் தந்தன. நைலான் கூடாரத்துக்கும் அதே வழி என்று பலர் எடுத்துக்கொண்டதில் வியப்பில்லை.

சிக்கல் அளவில் இருக்கிறது. மெல்லிய துணிக்கென்று பரிந்துரைக்கப்படும் 70-ஆம் எண் ஊசியின் தண்டு 0.7 மி.மீ. தடிமன். 0.04 மி.மீ. இழைகள் நெருக்கமாக ஓடும் துணியில் அது இறங்கும்போது பதினைந்து பதினாறு இழைகளின் அகலத்துக்கு இடம் கேட்கிறது. கூர்மையான ஊசி சில இழைகளை ஒதுக்கிவிட்டு நுழையும். மழுங்கியது அறுத்துக்கொண்டு நுழையும். 2 மி.மீ. இடைவெளியில் இப்படி வரிசையாகக் குத்திக்கொண்டே போனால் அஞ்சல்தலைத் தாளில் கிழிப்பதற்காகவே துளைகள் போட்டது போன்ற ஒரு கோடு உருவாகும். பழைய கிழிசலின் இரு கரைகளையும் இணைத்த கையோடு புதிய கிழிசலுக்கு வழி வரைந்து கொடுத்ததாக ஆகலாம். சிலிக்கோன் பூசிய நைலான் ஈரத்தில் உப்பித் துளையை அடைப்பதும் இல்லை. ஆகவே ஒவ்வொரு துளையையும் பசையால் மூட வேண்டும். தையல் தரப்பு இங்கே தன்னையறியாமலே பசைத் தரப்பின் துணையை நாடுகிறது.

இருந்தாலும் தையலை ஒதுக்கிவிட முடியாத இடங்கள் உண்டு. கயிறு கட்டும் மூலைகள், முகட்டுத் தையல் பிரிந்த இடம், ஜிப் சேரும் ஓரம் ஆகியவற்றில் இழுவிசை ஒரே திசையில் தொடர்ந்து இருக்கும். அங்கே ஜீன்ஸ் காலின் ஓரத்தில் பார்ப்பதுபோல இரு விளிம்புகளும் ஒன்றுக்குள் ஒன்று மடிந்து இரட்டைத் தையல் விழும் முறைக்கு ஈடாக, வெறும் டேப்பையோ பசையையோ பரிந்துரைப்பவர்கள் குறைவு. துணிப் பரப்பின் நடுவே விழும் கிழிசலுக்குத்தான் ஊசியின் தகுதி ஐயத்துக்குரியது.

இரண்டாம் தரப்பு: டேப்

டேப்பின் கதை 1943-இல் தொடங்குவதாகச் சொல்லலாம். இல்லினாய் மாநிலத்தின் வெடிமருந்துத் தொழிற்சாலை ஒன்றில் வேலை செய்த வெஸ்டா ஸ்டவுட், தோட்டாப் பெட்டிகளை மூட நீர்புகாத துணி டேப் வேண்டும் என்று அதிபர் ரூஸ்வெல்ட்டுக்கே கடிதம் எழுதினார். அதிலிருந்து பிறந்த டக்ட் டேப் போருக்குப் பின் வீட்டுக்குள் வந்தது, பிறகு மலைப்பாதைக்கும் வந்தது. நடைகோலில் இரண்டடி டேப்பைச் சுற்றி வைத்துக்கொள்வது நெடுநடைக்காரர்களின் பழக்கமாகவே ஆகிவிட்டது.

இந்தத் தரப்பின் வலிமை நேரம். மழை இறங்கும் முன் அரை நிமிடத்தில் ஓட்டை மூடப்படுகிறது. பலவீனமும் அதே டேப்பில்தான் இருக்கிறது. டக்ட் டேப்பின் ரப்பர் வகைப் பசை வெயிலில் இளகி நகரும். பிய்த்தெடுத்தால் பிசுக்கு நிற்கும். அடுத்து நிரந்தர ஒட்டு வைக்க வருபவர் முதலில் அதைச் சுரண்ட வேண்டும். இதனால் அக்ரிலிக் போன்ற மேம்பட்ட பசை கொண்ட, கூடாரத்துக்கென்றே செய்த பழுது டேப்புகள் வந்தன. பாலியூரித்தேன் பூசிய துணியில் இவை நன்றாகவே நிற்கின்றன.

சில்நைலானில் இதே டேப் சில மணிநேரத்தில் ஓரம் தூக்கிவிடும். காரணம் பரப்பு ஆற்றல். ஒரு பசை ஒட்ட வேண்டுமானால் முதலில் அந்தப் பரப்பின்மேல் பரவி நனைக்க வேண்டும். பூச்சில்லாத நைலானின் பரப்பு ஆற்றல் மீட்டருக்கு 40 மில்லிநியூட்டனுக்கு மேல். சிலிக்கோனுக்கு 20-ஐ ஒட்டித்தான். மழைத்துளியை உருட்டிவிடுவதற்காகச் சேர்த்த குணமே பசையையும் உருட்டிவிடுகிறது. தாமரை இலைத் தண்ணீர் என்று சொல்வது இங்கே டேப்புக்கும் பொருந்தும். கலப்பினத் துணியில் இதன் விளைவு விசித்திரமானது: அதே டேப் உட்புறத்தில் உறுதியாக நிற்கும், வெளிப்புறத்தில் நிற்காது. ஒருவர் 'பிடித்தது' என்பதும் மற்றவர் 'உரிந்தது' என்பதும் ஒரே கூடாரத்தைப் பற்றியே உண்மையாக இருக்கலாம்.

டேப்பை எப்படி ஒட்டுகிறோம் என்பதும் கணக்கில் வரும். டேப் தளத்தோடு இணையாக இழுக்கப்பட்டால் நன்றாகத் தாங்கும். ஒரு முனையிலிருந்து உரிக்கப்பட்டால் சுலபமாக விட்டுக்கொடுக்கும். சதுர மூலைதான் உரிதல் தொடங்கும் இடம் என்பதால் மூலைகளை வட்டமாக வெட்டச் சொல்கிறார்கள். அழுத்தத்தால் ஒட்டும் அக்ரிலிக் பசைக்குக் காலமும் வேண்டும். 3எம் நிறுவனம் தன் விஎச்பி டேப்புகளுக்குத் தரும் கணக்குப்படி, அறை வெப்பத்தில் 20 நிமிடத்தில் ஏறத்தாழப் பாதி வலுவும், 24 மணிநேரத்தில் 90 விழுக்காடும், 72 மணிநேரத்தில் முழு வலுவும் வரும். விடியற்காலைக் குளிரில், பனி பூத்த துணிமேல், ஒட்டிய கையோடு கயிற்றை இறுக்கிக் கட்டிவிட்டு டேப்பைக் குறைசொல்வது நியாயமான சோதனை ஆகாது.

மூன்றாம் தரப்பு: பசை

சிலிக்கோனில் ஒட்டுவது சிலிக்கோன் மட்டுமே என்பது பட்டறை வழக்கு. சற்று மிகைதான் என்றாலும், கையில் கிடைக்கும் பொருள்களை வைத்துப் பார்த்தால் பெரிதும் உண்மை. காற்றின் ஈரத்தை வாங்கி இறுகும் சிலிக்கோன் பசை, துணியின் சிலிக்கோன் பூச்சோடு ஒரே இனமாகச் சேர்கிறது. இறுகும்போது காடி வாடை அடிக்கும் வகையும் உண்டு, வாடையில்லாத வகையும் உண்டு. கட்டடக் கண்ணாடிக்குப் பயன்படும் தெளிந்த சிலிக்கோனை மினரல் ஸ்பிரிட்டில் கரைத்துத் தூரிகையால் தடவுவது கையால் கூடாரம் தைப்பவர்களிடையே பரவலான முறை. பாலியூரித்தேன் பரப்புக்கு யூரித்தேன் பசை. இந்த இரண்டையும் இடம் மாற்றிப் போடுவதுதான் பழுது தோற்பதற்குப் பொதுவாகச் சொல்லப்படும் காரணம்.

வேலை எப்படி நடக்கிறது என்று அருகில் பார்த்தால் இந்தத் தரப்பின் பலமும் பலவீனமும் புரியும். சில்நைலான் கூரையில் 'ட' வடிவக் கிழிசல் என்று வைத்துக்கொள்வோம். துணியைச் சமதளத்தில், பாவும் ஊடையும் நேராக வருமாறு விரித்து, பிரிந்த கரைகளைத் தொட்டுக்கொள்ளும்படி சேர்த்து, அடியிலிருந்து தற்காலிகமாக டேப்பால் பிடித்து நிறுத்துகிறார்கள். மேற்பரப்பை ஐசோப்ரோப்பில் ஆல்கஹால் நனைத்த துணியால் துடைத்து உலர விடுகிறார்கள். கூடாரத்தோடு வந்த பை பல நேரம் அதே துணியில் தைத்ததாக இருக்கும். ஒட்டுத்துணிக்கு அதன் ஓரம் உதவும். கிழிசலைச் சுற்றி எல்லாப் பக்கமும் 2.5 செ.மீ. மிஞ்சும்படி, மூலையில்லாமல், நெசவின் திசை பொருந்தும்படி வெட்டுகிறார்கள். பசையைத் துணியின் நெசவு தெரியும் அளவுக்கு மெல்லிதாகத் தேய்த்து, ஒட்டை வைத்து, நடுவிலிருந்து ஓரத்துக்குக் காற்றை வழித்துவிட்டு, ஒட்டாத தாள் ஒன்றை மேலே போட்டுப் பாரம் ஏற்றுகிறார்கள். பிறகு ஓர் இரவு காத்திருக்க வேண்டும்.

அந்தக் காத்திருப்புதான் முதல் பலவீனம். பாதையில் இருப்பவருக்கு அந்த இரவே கூடாரம் தேவை. இரண்டாவது, திறந்த குழாய் அடுத்த முறை எடுக்கும்போது உள்ளேயே கல்லாகியிருக்கும். மூன்றாவது பலவீனம் குறைவாகவே பேசப்படுகிறது, ஆனால் முக்கியமானது: சிலிக்கோன் தடவிய இடத்தில் பிறகு வேறு எதுவும் ஒட்டாது. டேப் தவறினால் துடைத்துவிட்டு மறுபடி முயலலாம். சிலிக்கோன் தவறினால் மற்ற எல்லாக் கதவுகளும் சாத்தப்பட்டிருக்கும். பாலியூரித்தேன் துணியில் அவசரப்பட்டுச் சிலிக்கோனைப் பூசியவர், யூரித்தேன் பசைக்கும் டேப்புக்குமான வாய்ப்பைத் தானே அழித்துக்கொள்கிறார்.

டைனீமா: தனி வழக்கு

டைனீமா கூட்டுத்துணியில் நெசவே கிடையாது. மிகுநீள மூலக்கூறு கொண்ட பாலியெத்திலீன் நுண்ணிழைகளைக் குறுக்கும் நெடுக்குமாகப் பரப்பி, இருபுறமும் மெல்லிய பாலியஸ்டர் படலத்தால் மூடியது அது. கூடாரத்துக்கு வரும் மெல்லிய வகைகள் சதுர மீட்டருக்கு 17 கிராம் அளவில் தொடங்குகின்றன. வழக்கமான சில்நைலான் 40 கிராமைத் தாண்டும்.

இங்கே பழைய விடைகள் தலைகீழாகின்றன. பாலியெத்திலீன் ஒட்டுவதற்குப் பேர்போன சிரமம் தரும் பொருள். ஆனால் பசை தொடுவது பாலியெத்திலீனை அல்ல, மேலே உள்ள பாலியஸ்டர் படலத்தை. ஆகவே அக்ரிலிக் பசை தடவிய அதே துணியின் துண்டு, சில்நைலானில் தோற்ற அதே தொழில்நுட்பத்தில், இங்கே சுத்தமாகப் பிடிக்கிறது. கிழிசலின் உள்ளும் புறமும் ஒட்டினால் உறுதி கூடும். மறுபக்கம், ஊசி இங்கே மேலும் பலவீனமாகிறது. பாவும் ஊடையும் பின்னிப் பிடிக்காததால், இழுவிசையில் ஊசித்துளை மெல்ல நீண்டு கண்ணீர்த்துளி வடிவம் எடுக்கலாம். கூடாரம் செய்பவர்கள் பலர் முக்கியத் தையல்களில் ஒட்டுதலையோ, தைத்து மேலே டேப் இடுவதையோ நாடுவது இதனால்தான்.

நைலான் விளிம்பைத் தீயில் காட்டிக் கருக்குவது பழைய பழக்கம். நைலான் வகையைப் பொறுத்து 220 முதல் 260 டிகிரி செல்சியஸ் வரை தாங்கும். டைனீமா இழை 150 டிகிரியை ஒட்டியே உருகிவிடும். ஒரு துணியில் பாதுகாப்பான கைவேலை இன்னொன்றில் ஓட்டையைப் பெரிதாக்கும் வேலையாகிறது. இந்தத் துணிக்கே உரிய நோய்களும் உண்டு: மடிப்புகளில் உரசலால் விழும் ஊசிமுனைத் துளைகள், படலம் இழைகளை விட்டுப் பிரிதல். ஒரு துளைக்கு டேப் போதும். துணி முழுக்கப் பரவிய தேய்மானத்துக்கு மேற்சொன்ன மூன்று தரப்பிலும் திருப்தியான விடை இல்லை.

கிழிசல் எப்படி ஓடுகிறது

மூன்று தரப்பும் ஒட்டின் வலுவையே பேசுகின்றன. ஆனால் கிழிசல் எங்கே பிறந்து எப்படி ஓடுகிறது என்பது தனிக்கேள்வி. 1913-இல் இங்லிஸும், 1920-களின் தொடக்கத்தில் கிரிஃபித்தும் திடப்பொருள்களை வைத்துக் காட்டியது இது: விரிசலின் முனை எவ்வளவு கூர்மையோ அவ்வளவு அதிகமாக விசை அங்கே குவியும். நெய்த துணி கண்ணாடி அல்ல. அந்தக் கணக்கை அப்படியே பொருத்த முடியாது. இருந்தாலும் ஒட்டின் மூலையை வட்டமாக்குவதும், கிழிசலின் இரு முனைகளையும் தாண்டி ஒட்டு நீள வேண்டும் என்பதும் இந்தப் புரிதலோடு ஒத்துப்போகின்றன.

துணிக்கென்று இன்னொரு நடத்தையும் உண்டு. கிழிசல் முனையில் இழைகள் ஒன்றையொன்று நோக்கி வழுக்கி, சிறு முக்கோணமாகத் திரண்டு, சுமையைச் சேர்ந்து தாங்குகின்றன. சிலிக்கோன் இந்த வழுக்கலுக்கு எண்ணெய் போல உதவுகிறது. பாலியூரித்தேன் இழைகளை ஓரிடத்தில் பூட்டிவிடுகிறது. பூட்டப்பட்ட இழைகள் ஒவ்வொன்றாக அறும். ஒரே நைலானில் சிலிக்கோன் பூசியது கிழிசலைக் கூடுதலாகத் தாங்குவதற்கு இதுவே பொதுவாகத் தரப்படும் விளக்கம்.

பழுதுபார்ப்புக்கு இதன் உட்பொருள் பெரியது. தடித்த, விறைப்பான பசையைச் சில்நைலானில் அப்பினால் அந்த இடத்தில் இழைகளின் வழுக்கல் நின்றுவிடும். ஒட்டு அசையாது, சுற்றியுள்ள துணி அசையும். காற்றில் படபடக்கும்போது விசை ஒட்டின் ஓரத்தில் குவியும். நனைந்தால் வேறுபாடு இன்னும் கூடும். வழக்கமான காற்று ஈரத்தில் நைலான் தன் எடையில் 4 விழுக்காடு அளவுக்கு நீரை வைத்திருக்கும். பாலியஸ்டர் அரை விழுக்காட்டுக்கும் குறைவு. மழையில் நைலான் கூரை தொய்வது இதனால். தொய்யும் நைலான்மேல் தொய்யாத பாலியஸ்டர் ஒட்டு இருந்தால் இரண்டும் ஒரே அளவில் நீளப்போவதில்லை. 'வலுவான ஒட்டே நல்ல ஒட்டு' என்ற பொதுக்கருத்து இந்த இடத்தில் ஆட்டம் காண்கிறது. துணியைப் போலவே வளைந்து, துணியைப் போலவே நீளும் ஒட்டுக்குக் கூடுதல் ஆயுள் இருக்கக்கூடும் என்பது ஏற்கத்தக்க மாற்றுக் கருத்து.

நான்காம் தரப்பு: கைவிடுதலும் அனுப்பிவைத்தலும்

ஒட்டுப்போடுவது கிழிந்த இடத்தைச் சரிசெய்யும். துணியின் வயதைக் குறைக்காது. நைலான் நீண்ட வெயிலில் புறஊதாக் கதிரால் வலுவிழக்கும். பாலியூரித்தேன் பூச்சுகளில் சில வகை, ஈரத்தோடு மடித்து வைத்தால் நீராற்பகுப்பால் சிதைந்து, பிசுபிசுத்து, புளித்த வாடை வீசும். அந்த நிலையில் பசை பிடிப்பது துணியை அல்ல, துணியை விட்டுக் கழன்றுகொண்டிருக்கும் பூச்சை. ஒட்டு உரியும்போது பூச்சும் சேர்ந்து வரும். கைவிடச் சொல்பவர்களின் வாதம் இங்கே வலுவானது.

தயாரிப்பாளரிடமே அனுப்பு என்பவர்களுக்கும் நியாயம் உண்டு. துணி எது, பூச்சு எது என்பது தயாரிப்பாளருக்குத் தெரியும். ஒரு பாகத்தையே வெட்டி மாற்றவும் முடியும். படகோனியா போன்ற நிறுவனங்கள் பழுதுபார்ப்பைத் தங்கள் அடையாளமாகவே முன்வைக்கின்றன. ஆனால் பசிபிக் கிரெஸ்ட் பாதை ஏறத்தாழ 4,265 கி.மீ. நீளம். அதன் நடுவில் நிற்பவருக்கு அஞ்சலில் அனுப்பிவிட்டுக் காத்திருக்கும் வசதி கிடையாது. இந்தத் தரப்பு, கேள்வியில் உள்ள அவசரத்தை நீக்கிவிட்டு விடை சொல்கிறது.

இதற்குப் பின்னால் கசப்பான கேள்வி ஒன்றும் இருக்கிறது. முள்ளுக்கும் தீப்பொறிக்கும் எளிதில் இடங்கொடுக்கும் அளவுக்குத் துணியை மெலித்தது யார் முடிவு? தோளில் குறைத்த எடையின் விலையைப் பழுதுபார்க்கும் நேரமாகவும் குறைந்த ஆயுளாகவும் கட்டுகிறோமா? எடை ஆதரவாளர்கள் இதை மறுப்பார்கள். பார்த்து இடம் தேர்ந்து, பார்த்துக் கட்டுபவருக்கு மெல்லிய துணியும் பல ஆயிரம் கிலோமீட்டர் உழைக்கும் என்பார்கள். இரு பக்கமும் தனிப்பட்ட அனுபவங்களையே சான்றாக வைப்பதால் இந்த வழக்கு இன்னும் தீர்ப்புக்கு வரவில்லை.

மதிப்பீடு

இதுவரை பார்த்ததைத் தொகுத்தால், துணிப் பரப்பின் நடுவே விழும் கிழிசலைப் பொறுத்தவரை ஓரளவு உடன்பாடு தெரிகிறது. இருபுறமும் சிலிக்கோன் என்றால் சிலிக்கோன் பசையும் அதே துணியில் ஒட்டும். பாலியூரித்தேன் பரப்பு என்றால் யூரித்தேன் பசையோ தரமான பழுது டேப்போ. டைனீமா என்றால் அதே இனத்து ஒட்டுத்துண்டு, இருபுறமும். விசை தொடர்ந்து இழுக்கும் ஓரங்களுக்கும் மூலைகளுக்கும் தையல், துளைகளை மூடும் பசையோடு. டக்ட் டேப் எல்லாவற்றுக்கும் முதலுதவி. அடுத்த ஊர் வரை. நான்கு தரப்பில் எதையும் முற்றிலும் தவறு என்று சொல்ல இடமில்லை. ஒவ்வொன்றும் தன் துணியை விட்டு வேறு துணிக்குள் நுழைந்தபோதுதான் தோற்றது.

திறந்திருக்கும் கேள்விகளும் சில உண்டு. முதலாவது, காலம். துணியின் நீர்த்தடுப்பையும் கிழிசல் வலுவையும் அளக்க ஐஎஸ்ஓ, ஏஎஸ்டிஎம் முறைகள் இருக்கின்றன. அவை துணியை அளப்பதற்காக வகுத்தவை. நூறு முறை நனைந்து, நூறு முறை காய்ந்து, காற்றில் படபடத்த ஒட்டின் ஆயுளை அவை நேரடியாகச் சொல்வதில்லை. இரண்டாவது, விறைப்பு. ஒட்டு எவ்வளவு வலுவாக இருக்க வேண்டும் என்பதைவிட எவ்வளவு இளக்கமாக இருக்க வேண்டும் என்பது கூடுதல் பயன் தரும் கேள்வியாக இருக்கலாம். மேலே சொன்ன இழை வழுக்கலின் விளக்கம் அதைத் தூண்டுகிறது, நிறுவிவிடவில்லை. மூன்றாவது, எந்தக் கட்டத்தில் நிறுத்துவது என்பது. ஐந்தாவது ஒட்டு, துணியின் முதுமையைக் காட்டுகிறதா, முள்காட்டு வழியைக் காட்டுகிறதா என்று பிரித்தறிய எளிய சோதனை எதுவும் பரவலான வழக்கில் இல்லை.

இவற்றுக்கெல்லாம் முந்தைய சிக்கல் ஒன்று, தீர்ப்பதற்கு மிக மலிவானது. ஒட்டுப்போட உட்காருபவருக்குத் தெரிய வேண்டிய முதல் செய்தி, கையில் இருக்கும் துணியின் இந்தப் புறத்தில் என்ன பூச்சு இருக்கிறது என்பது. இப்போது அதைக் குறிப்புகளால் ஊகிக்க வேண்டியிருக்கிறது. உள்தையல்மேல் தொழிற்சாலையிலேயே டேப் ஒட்டியிருந்தால் உட்புறம் பெரும்பாலும் பாலியூரித்தேன். தையலுக்கு நீங்களே பசை பூசிக்கொள்ளுங்கள் என்று சொல்லி விற்றிருந்தால் பெரும்பாலும் இருபுறமும் சிலிக்கோன். ஊகம் தவறினால் சிலிக்கோன் விஷயத்தில் திரும்பிவரும் வழியும் இல்லை. இழை எது, உட்பூச்சு எது, வெளிப்பூச்சு எது என்று மூன்று சொற்களைக் கூடாரத்தின் ஓரத்தில் அச்சிட்டுவிட்டால், ஊசியா டேப்பா பசையா என்ற நீண்ட விவாதத்தின் பெரும்பகுதி அந்த ஓரத்திலேயே முடிந்துவிடும். மிஞ்சி நிற்பவை காலம், இளக்கம், நிறுத்துமிடம் என்ற மூன்றும். அவை கிழிந்த துணிகளைச் சேர்த்து வைத்து, ஒட்டிய நாளையும் உரிந்த நாளையும் குறித்துக்கொண்டே போனால்தான் விடை தரும்.